பனிக்கணவாயில் விட்டுவந்தவர்

இந்தப் பக்கம் இருங்கோ தம்பி. அங்கை இருந்தால் மலைச்சுவர்தான் தெரியும். இஞ்சைதான் பள்ளம், ஆறு எல்லாம். படம் எடுக்க வந்தனீங்கள்தானே, கையிலை கமரா கிடக்கு. பயப்பிடாதேங்கோ. வளைவிலை திரும்பேக்கை பஸ் அந்தரத்திலை போற மாதிரித்தான் இருக்கும். ஒண்டும் நடக்காது. முப்பத்தேழு வருசமா இந்த மஞ்சள் பஸ்ஸிலை ஏறுறன், ஒண்டும் நடக்கேல்லை.

இந்தியாவோ? தெரிஞ்சது. கீழை ஸ்டேசனிலை நிண்டு அம்மாவோடை போனிலை கதைச்சனீங்கள். ஒட்டுக்கேக்கேல்லைத் தம்பி, தமிழ் எண்டால் காது தானாப் போயிடும். கணவாய்க்குப் போறன் எண்டு அம்மாவுக்குச் சொன்னீங்கள், எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. எங்கடை பக்கம் கணவாய் எண்டால் கடலிலை பிடிச்சுக் கறி வைக்கிறது. மலைக்கு நடுவிலை இருக்கிற வழிக்கும் அதுதான் பேர் எண்டு எனக்குக் கனகாலம் தெரியாது. நாங்கள் இஞ்சை பாஸ் எண்டுதான் சொல்லுறது.

தனியாவா வந்தீங்க எண்டு கேட்டனீங்கள். ஓம் தம்பி, தனியத்தான். எல்லா வருசமும் தனியத்தான். போன வருசம் மட்டும் மேலை ஒரு பிள்ளை எனக்காக நிண்டவள். அந்தக் கதையைச் சொல்லுறதெண்டால் என்ர மாமியிலை இருந்துதான் தொடங்கவேணும். மேலை போக இன்னும் நாப்பது நிமிசம் கிடக்கு. உங்களுக்கு அலுப்பெண்டால் சொல்லுங்கோ, நான் வாயை மூடிக்கொண்டு இருப்பன்.

என்ர பேர் மங்கையற்கரசி. ஊர் கரவெட்டி. எண்பத்தஞ்சாம் ஆண்டு கார்த்திகை மாசம் எனக்குக் கலியாணம் நடந்தது. அவர் சபாநாதன், கூட்டுறவுச் சங்கத்திலை கிளாக் வேலை. அமைதியான மனிசன். சாப்பாட்டிலை உப்புக் கூடினாலும் சொல்லமாட்டார், தண்ணியைக் கூடக் குடிப்பார், அதிலைதான் நான் கண்டுபிடிக்கிறது. மாமி அப்பிடியில்லை. மாமிக்கு ஒரே மகன். நான் அடுப்பு மூட்டினாலும் புகை, மூட்டாட்டிலும் புகை. அவ செத்து இருபது வருசம் ஆகுது. செத்தவையைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது எண்டு சொல்லுவினம். நான் சொல்லுவன். இந்த உலகத்திலை எனக்குக் கோவம் எண்டு ஒண்டு இருக்கெண்டால் அது அவவிலைதான். அவரிலை இல்லை. அவரை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டன்.

அது எண்பத்தேழாம் ஆண்டு, ஆமி வீடு வீடா வந்து ஆம்பிளையளைப் பிடிச்ச காலம். அவரையும் ஒருக்காக் கொண்டுபோய் ரெண்டு நாள் வைச்சிருந்து விட்டவங்கள். வந்து ஒரு கிழமை பேச்சில்லை. என்ர அண்ணை குலவீரசிங்கம் அப்பவே இந்த நாட்டுக்கு, பேர்ணுக்கு வந்திட்டார். அவர்தான் வாங்கோ வாங்கோ எண்டு கடிதம் போட்டவர். மாமி அழுது குழறினவ. “அவளின்ர தமையனிட்டைப் போறதுக்கு என்ர பிள்ளையை ஏன் இழுக்கிறாள்” எண்டு கிணத்தடியிலை நிண்டு எனக்குக் கேக்கத்தக்கதாச் சொன்னவ. நாங்கள் வெளிக்கிட்டம். ஒரு ஏஜென்சிக்காரன் எங்களை இத்தாலி மட்டும் கொண்டுவந்து, எல்லைக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரிலை விட்டான். ஒரு வீடு. ஒரே அறையிலை பதினாலு பேர். நான் ஒருத்திதான் பொம்பிளை. மூண்டு கிழமை அங்கை கிடந்தம். அந்த வீட்டைப் பற்றிப் பிறகு சொல்லுறன், இப்ப விடுங்கோ.

ஐப்பசி கடைசியிலை பனி விழுந்து இந்தப் பாஸைப் பூட்டிப்போட்டாங்கள். ஏஜென்சிக்காரன் அதுக்குத்தான் பாத்துக்கொண்டு இருந்தவன். றோட்டைப் பூட்டினால் வாகனம் வராது, வாகனம் வராட்டில் சுங்கத்திலை ஆள் நிக்காது. விடியக் காலமை ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு இத்தாலிக்கார வயசு போன மனிசன் வந்தான். நாங்கள் ரெண்டு பேர், மற்றது நாலு பெடியள். பாதி வழியிலை அவன் நிண்டிட்டான். றோட்டுக்கரையிலை உயரமான கம்புகள் நிக்குது பாருங்கோ, அதோ, பனி மூடினாலும் றோட்டு எங்கை எண்டு தெரியிறதுக்காக நட்டு வைச்சிருக்கிறாங்கள். அதைக் காட்டி, கம்பைப் பாத்துக் கம்பைப் பாத்துப் போங்கோ எண்டு கையாலை சொல்லிப்போட்டு அவன் இறங்கிப் போட்டான்.

எனக்குக் கன்வஸ் சப்பாத்து. சேலைக்குக் கீழை அவற்ற காற்சட்டை. பனி எண்டால் படத்திலை பாத்த பஞ்சு மாதிரி எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான். அது முழங்கால் மட்டும் இழுத்து வைச்சுக்கொண்டு விடாது தம்பி. பெடியள் முன்னுக்குப் போட்டாங்கள். மேலை போகப் போகப் புகார், நீங்கள் மூடுபனி எண்டு சொல்லுறது. அடுத்த கம்பு தெரிஞ்சால்தான் அடுத்த அடி. அவர் என்ர கையைப் பிடிச்சபடிதான் வந்தவர். ஊரிலை அவர் என்ர கையை வெளியிலை ஒருநாளும் பிடிச்சதில்லை. எனக்கு அந்தக் குளிருக்குள்ளையும் ஆரும் பாக்கினமோ எண்டு வெட்கமாக் கிடந்தது. எட்டு மணித்தியாலம் பிடிச்ச கை அது.

மேலை ஒரு சுங்கக் கட்டிடம் இருக்கு, காட்டுறன். அண்டைக்கும் இருந்தது, கதவு பூட்டு. அதின்ர சுவரோரம் காத்துக்கு ஒதுங்கி ரெண்டு பேரும் இருந்தம். அங்கைதான் அவரை விட்டிட்டு வந்தனான். அவருக்கு முழங்கால் நோ. ஏறேக்கை சறுக்கி விழுந்தவர். “நீ போ, பெடியளைத் தவற விட்டிடாதை, நான் கொஞ்சம் ஆறிப்போட்டுப் பின்னாலை வாறன்” எண்டார். நான் மாட்டன் எண்டன். அவர் ஏசினார். நான் போனன். இதைத்தான் நான் போலிசுக்குச் சொன்னனான், அண்ணைக்குச் சொன்னனான், ஊருக்கு எழுதினனான்.

பின்னேரம் இந்தப் பக்கத்துக் கிராமத்துக்கு இறங்கினன். மாட்டுக்கொட்டில் வாசலிலை நிண்ட ஒரு மனிசி என்னைக் கண்டிட்டு ஒண்டும் கேக்காமல் உள்ளை கூட்டிக்கொண்டு போய்ப் பால் காய்ச்சித் தந்தா. பிறகு போலிஸ் வந்தது. அடுத்த நாள் மேலை ஆக்களை அனுப்பினவங்கள். சுவரோரம் ஒருத்தரும் இல்லை. இத்தாலிப் பக்கம் போற மாதிரிக் கொஞ்சத் தூரம் கால் தடம் கிடந்ததாம், பிறகு பனி மூடியிருந்ததாம். அண்ணைதான் பக்கத்திலை நிண்டு மொழிபெயர்த்தவர், ஆனால் அந்தக் கால் தடத்தை மட்டும் எனக்குச் சொல்லேல்லை. ரெண்டு வருசத்துக்குப் பிறகுதான் சொன்னார். பனி உருகின பிறகு நாயளைக் கொண்டுபோயும் தேடினவங்கள். ஒரு சப்பாத்துக்கூட இல்லை.

அண்ணையின்ர நம்பர் அவருக்கு மனப்பாடம். உயிரோடை இருந்தால் எடுக்காமல் இருப்பாரோ? ஒரு மாசம் அண்ணை வீட்டிலை போனுக்குப் பக்கத்திலைதான் படுத்தனான். அடிக்கேல்லை. அப்ப செத்திட்டார். வேறை என்னத்தை நினைக்கிறது?

தை மாசம் மாமியின்ர கடிதம் வந்தது. “என்ர பிள்ளையைப் பனியிலை விட்டிட்டுப் போய் உன்ர தமையன் வீட்டிலை நெருப்புக் காயிறாய். நாங்கள் அந்தியேட்டி செய்து முடிச்சிட்டம். இனி எங்களுக்கும் உனக்கும் ஒண்டும் இல்லை” எண்டு எழுதியிருந்தவ. உடம்பு இல்லாமல், நாள் தெரியாமல், ஒரு படத்தை வைச்சு முப்பத்தோராம் நாள் காரியமும் செய்து முடிச்சிருக்கினம். எனக்கு இருபத்தி நாலு வயசு. அண்ணியை அறைக்கு வெளியிலை போகச் சொல்லிப்போட்டுத் தாலியை நானே கழட்டினன். அழேல்லைத் தம்பி. கழுத்து லேசாக் கிடந்தது, அதுதான் பயமாக் கிடந்தது.

வைகாசி கடைசியிலையோ ஆனியிலையோ றோட்டைத் திறப்பாங்கள். திறந்து முதல் கிழமை நான் வந்திடுவன். பேர்ணிலை இருந்து ரெயில், பிறகு இந்தப் பஸ். அந்தச் சுவரோரம் பூ வைக்கிறது. பிறகு அடுத்த பஸ்ஸிலை இறங்கிறது. முப்பத்தாறு வருசம். ஒரு முதியோர் இல்லத்திலை துணி தோய்க்கிற பகுதியிலை வேலை, லீவு கேக்கேக்கை, உனக்குப் பாஸ் திறந்திட்டுதோ எண்டு அவையே கேப்பினம். அண்ணை எனக்கு ரெண்டு மூண்டு இடம் பேசினவர். நல்ல மனிசர்தான். நான் மாட்டன் எண்டன். ஒருத்தரை விட்டிட்டு வந்தவள் இன்னொருத்தரோடை எப்பிடிப் போறது? அண்ணை ஏசினார், பிறகு ஏசாமல் விட்டார், பிறகு அவரும் செத்துப்போட்டார்.

போன வருசம் சித்திரையிலை ஒரு போன். இத்தாலி நம்பர். ஒரு பொம்பிளைப் பிள்ளை, தமிழ்தான், ஆனால் வாயிலை இத்தாலி இழுவை. “நீங்கள் கரவெட்டி மங்கையற்கரசி அன்ரியோ” எண்டு கேட்டாள். ஓம் எண்டன். “நான் பலேர்மோவிலை இருந்து நிரோஜினி. சபாநாதனின்ர மகள்” எண்டாள்.

எந்தச் சபாநாதன் எண்டு கேட்டனான். பாருங்கோ, எனக்கு அப்பிடித்தான் வாயிலை வந்தது.

அவள் ஆறுதலாச் சொன்னாள். அப்பா மாசியிலை மோசம் போயிட்டார், நெஞ்சு வருத்தம். முப்பத்தாறு வருசமும் பலேர்மோவிலைதான் இருந்தவர். ஒரு வக்கீல் வீட்டிலை சமையல் வேலை. எண்பத்தொன்பதிலை அங்கையே ஒரு பருத்தித்துறைப் பிள்ளையைக் கட்டினவர். ரெண்டு பிள்ளையள், இவள் மூத்தவள், முப்பத்தி ரெண்டு வயசு. அப்பாவின்ர அலுமாரியிலை ஒரு கடிதம் இருந்தது, அதிலை என்ர பேரும் பேர்ணும் கிடந்தது, பேர்ணிலை ஒரு தமிழ்க்கடைக்குப் போன் எடுத்து, அவை இன்னொருத்தரைச் சொல்லி, அப்பிடியே என்னட்டை வந்தவளாம். கடைசி நேரம் ஆஸ்பத்திரியிலை அப்பா சொன்னவராம், தன்ர சாம்பலிலை ஒரு பங்கை இந்தப் பாஸிலை கொண்டுபோய்ப் போடச் சொல்லி. “நீங்களும் வருவீங்களோ” எண்டு கேட்டாள்.

நான் போனை வைச்சிட்டு வேலைக்குப் போனன். அண்டைக்கு முழுக்கப் படுக்கைவிரிப்பு மடிச்சன். ஒரு விரிப்பிலையும் மூலை பிழைக்கேல்லை. அது எனக்கு இப்பவும் ஞாபகம். அண்டைக்கு நான் அழவுமில்லை, கோவிக்கவுமில்லை. ஒரே ஒரு கேள்விதான். முப்பத்தாறு வருசம் ஆருக்குப் பூ வைச்சனான்?

ஆவணியிலை சந்திச்சம். அவள் அந்தப் பக்கத்தாலை வந்தாள், நான் இந்தப் பக்கத்தாலை. மேலை ஒரு சின்ன ஹோட்டல் இருக்கு, அதுக்கு முன்னாலை குந்தியிருக்க ஒரு மர வாங்கு. தூரத்திலையே தெரிஞ்சிட்டுது தம்பி. அவற்ற நெத்தி. அவற்ற நடை. கையிலை ஒரு துணிப்பையைக் குழந்தை மாதிரி அணைச்சுப் பிடிச்சிருந்தாள். கிட்ட வந்து என்ன செய்யிறதெண்டு தெரியாமல் கும்பிட்டாள். நானும் கும்பிட்டன். ரெண்டு பேரும் தேத்தண்ணி எடுத்தம். தேத்தண்ணியிலை உப்பைப் போட்டிருந்தாலும் அண்டைக்குத் தெரிஞ்சிருக்காது.

“அம்மாவுக்குத் தெரியுமோ நீர் வந்தது” எண்டு கேட்டன்.

“தெரியும். அவவுக்குப் பெரிசா விருப்பமில்லை” எண்டாள். பிறகு அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். “இது உங்களுக்குச் சொந்தம் எண்டு நினைச்சன்” எண்டாள்.

பாத்த உடனை தெரிஞ்சுது, மாமியின்ர கையெழுத்து. உருட்டி உருட்டி எழுதுவா. எண்பத்தெட்டு பங்குனி. நாலு வரி சுகம் விசாரிச்சு, பிறகு எழுதியிருந்தவ: “அவளும் தப்பி பேர்ணிலை தமையனோடை இருக்கிறாள். நீ எழுதினபடியே நான் அவளுக்கு ஒண்டும் அறிவிக்கேல்லை. ஊரிலையும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீயும் எழுதாதை. அங்கையே நல்ல இடமாப் பாத்துக் கட்டு.”

பாத்தியளே மாமி செய்த வேலையை. ஒரு பக்கம் மகன் இருக்கிறான் எண்டு தெரியும், மற்றப் பக்கம் நான் இருக்கிறன் எண்டு தெரியும். நடுவிலை இருந்து ரெண்டு பேரையும் பிரிச்சு வைச்சவ. ஓம், நீ எழுதினபடி எண்டு ஒரு சொல்லுக் கிடக்குத்தான். நிரோஜினியும் அதிலைதான் விரலை வைச்சுக் காட்டினவள். அது மாமி தான் தப்பிறதுக்கு எழுதினது தம்பி. எனக்கு அவவைத் தெரியும். அவர் அப்பிடி எழுதக்கூடிய ஆள் இல்லை. நான் அந்தப் பிள்ளைக்கும் அதைத்தான் சொன்னன். அவள் கடிதத்தை மடிச்சு என்ர கைக்குள்ளை வைச்சுப் பொத்தினாள்.

பிறகு கேட்டாள், “அண்டைக்கு மேலை என்ன நடந்தது அன்ரி?”

நான் வழமையாச் சொல்லுறதைச் சொன்னன். முழங்கால் நோ, சுவரோரம் இருந்தவர், நீ போ எண்டவர். அவள் என்னை ஒரு மாதிரிப் பாத்தாள். “அப்பாவுக்கு முழங்காலிலை ஒரு வருத்தமும் இருக்கேல்லையே. அறுபது வயசு மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலை பெடியளோடை பந்தடிச்சவர்” எண்டாள்.

“சின்னச் சுளுக்குத்தான் பிள்ளை, மாறியிருக்கும்” எண்டன்.

“இல்லை அன்ரி. அப்பா எங்களுக்கு வேறை மாதிரிச் சொன்னவர். உங்களுக்குத்தான் கால் சுளுக்கினதாம். நடக்க ஏலாமல் உங்களைச் சுவரோரம் இருத்திப்போட்டு, ஆக்களைக் கூட்டிக்கொண்டு வரத் தான் கீழை ஓடினதாம். திரும்பி வர ஏலாமல் பனி கொட்டினதாம். நீங்கள் அங்கையே முடிஞ்சிட்டியளாம். அம்மாவைக் கட்டேக்கையும் அப்பிடித்தான் சொன்னவர்.”

நான் அவருக்கு ஒரு முழங்காலை முறிச்சு வைச்சிருந்தன். அவர் எனக்கு ஒரு காலை முறிச்சு வைச்சிருந்தவர்.

உங்களுக்குச் சொல்லுறன் தம்பி. நீங்கள் நாளைக்கு வேறை எங்கையோ போயிடுவியள். ஒருத்தருக்கும் கால் நோ இல்லை. ரெண்டு பேரும் நல்லாத்தான் நிண்டம். அந்தச் சுவரடியிலை அவர் நிண்டு முன்னுக்குப் பாத்தார். கம்பு தெரியேல்லை. பெடியளின்ர சத்தமும் கேக்கேல்லை. வெள்ளையைத் தவிர ஒண்டும் இல்லை. அவற்ற வாய் நடுங்கத் தொடங்கிட்டுது. “திரும்புவம் மங்கை. செத்துப்போவம். திரும்பிப் போவம் வா” எண்டார். நான் மாட்டன் எண்டன். “அந்த வீட்டுக்குத்தானே, நாலு நாள் இருந்திட்டுப் பிறகு வருவம்” எண்டு கெஞ்சினார். என்ர கையைப் பிடிச்சு இழுத்தார். நான் உதறினன். ஒருக்கா இல்லை, ரெண்டு தரம் உதறினன். உதறிப்போட்டுப் புகாருக்குள்ளை நடந்தன். பின்னாலை வருவார் எண்டுதான் நினைச்சன். அடுத்த கம்படியிலை திரும்பிப் பாத்தன், வரேல்லை. கூப்பிட்டன். பிறகு நடந்தன்.

அந்த வீட்டிலை ஒருத்தன் இருந்தவன் தம்பி. ஏஜென்சிக்காரன்ர ஆள். எல்லா அறைக்கும் சாவி அவனிட்டைத்தான். அவ்வளவுதான் சொல்லுவன். இவர் பகலிலை மற்றவையோடை பேப்பர் வேலைக்கு எண்டு வெளியிலை போவார். வந்து பாக்கேக்கை நான் போர்த்துக்கொண்டு படுத்திருப்பன், குளிரோ எண்டு கேப்பார், ஓம் எண்டுவன். அவருக்கு நான் சொல்லேல்லை. ஆமி பிடிச்சு வந்த பிறகு ஒரு கிழமை பேசாமல் இருந்த மனிசனுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது? பனியிலை சாகலாம், அந்த வீட்டுக்குத் திரும்ப ஏலாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சிருந்தால் என்னோடை வந்திருப்பார். கட்டாயம் வந்திருப்பார்.

போலிசுக்கு ஏன் முழங்கால் எண்டு சொன்னனான்? பயந்து திரும்பினவர் எண்டு ஒரு ஆம்பிளையைப் பற்றி எப்பிடிச் சொல்லுறது, அதுவும் தாய்க்கு எழுதுறது? அவற்ற மரியாதை போகக்கூடாது எண்டு நினைச்சன். உண்மையைச் சொல்லியிருந்தால் இத்தாலிப் பக்கம் தேடியிருப்பாங்கள். ஒரு நாளிலை கண்டுபிடிச்சிருப்பாங்கள். அந்த வீட்டிலைதான் அவர் அடுத்த நாலு மாசமும் இருந்தவராம். நிரோஜினி சொன்னவள்.

அவளுக்கு நான் கையை உதறினதைச் சொன்னன். அந்த வீட்டிலை இருந்தவனைச் சொல்லேல்லை. தகப்பன் இருந்த வீடு, அவளுக்கு ஏன் அது? உதறினதைச் சொல்லி முடிக்க அவள் அழுதாள். “அப்பா உங்களை விட்டிட்டு ஓடினவர் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டு வந்தனான்” எண்டாள். “இல்லைப் பிள்ளை, நான்தான் விட்டிட்டுப் போனனான்” எண்டன். “அப்ப ஏன் அப்பா உங்களைத் தேடேல்லை? நீங்கள் இருக்கிறியள் எண்டு தெரிஞ்ச பிறகும் ஏன் தேடேல்லை?” எண்டு கேட்டாள்.

அதுக்கு என்னட்டைப் பதில் இருந்தது தம்பி. கட்டின மனிசி கையை உதறிப்போட்டுப் போனவள். பிறகு ஏன் தேடவேணும்? ஆனால் ஒண்டைப் பாருங்கோ. முப்பத்தாறு வருசம் அவர் என்னைப் பற்றி ஒருத்தருக்கும் குறை சொல்லேல்லை. பிள்ளையளுக்குக்கூட, உதறிப்போட்டுப் போனவள் எண்டு சொல்லேல்லை. கால் சுளுக்கி, பாவம், பனியிலை முடிஞ்சவள் எண்டுதான் சொல்லி வைச்சிருந்தவர். அப்பிடி ஒரு மனிசன். வேறை ஆராவது எண்டால் என்ன சொல்லியிருப்பாங்கள் எண்டு யோசியுங்கோ. நீங்கள் ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? நிரோஜினியும் இப்பிடித்தான் பாத்தவள்.

சுவரோரம் கூட்டிக்கொண்டு போனன். நல்ல வெயில். மோட்டச்சைக்கிளிலை வந்த வெள்ளைக்காரர் நிண்டு படம் எடுத்துக்கொண்டு நிண்டவை. அவள் துணிப்பைக்குள்ளை இருந்து ஒரு சின்னச் செம்பை எடுத்து, “நீங்கள் போடுங்கோ” எண்டாள். “மகள் இருக்க நான் எப்பிடி” எண்டன். “ரெண்டு பேரும் போடுவம்” எண்டாள். அவள் ஒரு பிடி, நான் ஒரு பிடி. எட்டு மணித்தியாலம் பிடிச்ச கை இதுக்குள்ளை எங்கையோ கிடக்கு எண்டு நினைச்சன். விரலை விரிக்க மனம் வரேல்லை. அவள்தான் என்ர விரலை ஒவ்வொண்டா விரிச்சு விட்டவள்.

காத்து இந்தப் பக்கத்தாலை அடிச்சுது. சாம்பல் எல்லாம் எழும்பி இத்தாலிப் பக்கம்தான் போச்சுது. ஒரு பொட்டுக்கூட இந்தப் பக்கம் விழேல்லை. அப்பதான் தம்பி நான் அழுதனான். றோட்டிலை இருந்து அழுதன். மோட்டச்சைக்கிள்காரி ஒருத்தி தலைக்கவசத்தைக் கழட்டிப்போட்டு ஓடிவந்து தண்ணி தந்தவள்.

பின்னேரம் அவளின்ர பஸ் முதல் வந்தது. ஏறப்போனவள் திரும்பி வந்து, “உங்களை அன்ரி எண்டு கூப்பிட ஒரு மாதிரி இருக்கு. என்னெண்டு கூப்பிட?” எண்டு கேட்டாள். “பெரியம்மா எண்டு கூப்பிடு” எண்டன். அங்கை பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லு எவ்வளவு விளங்கினதோ தெரியாது. பஸ்ஸுக்குள்ளை இருந்து ஒருக்காச் சொல்லிப் பாத்தாள். வாய் அசைஞ்சது தெரிஞ்சது, கண்ணாடியாலை சத்தம் வரேல்லை.

இந்த வருசம் முழுக்க மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு தரம் கதைப்பாள். அப்பா என்ன சாப்பிடுவார், ஊரிலை எப்பிடி இருந்தவர் எண்டு கேப்பாள், நானும் கேப்பன். அவர் பலேர்மோவிலை மீன் சந்தைக்குப் போனால் விலை கேக்காமல் வாங்கிறவராம். எனக்குத் தெரியாத சபாநாதனை அவள் சொல்லுவாள், அவளுக்குத் தெரியாததை நான் சொல்லுவன். ஆனியிலை போன் எடுத்து, ஆவணியிலை திரும்ப மேலை சந்திப்பம் பெரியம்மா, மகளையும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொன்னவள். அவளுக்கு ஒரு சின்னப் பிள்ளை, மூண்டு வயசு. இண்டைக்குத்தான் அந்த நாள்.

நேற்று மத்தியானம் ஒரு குறுஞ்செய்தி போட்டிருக்கிறாள். வரமாட்டாளாம். அம்மா நல்லா மனம் நொந்து போனாவாம். செத்தவளெண்டு நம்பி அவளின்ர படத்துக்கு முன்னாலை நானும் விளக்கு வைச்சனான், இப்ப நீங்கள் போய் அவளோடை கொண்டாடுறியள் எண்டு சொல்லி ரெண்டு நாள் சாப்பிடேல்லையாம். பாவம், அவவிலையும் பிழை இல்லைத் தம்பி. அவவுக்கும் ஒருத்தரும் உண்மையைச் சொல்லேல்லை. “கொஞ்சக் காலம் போகட்டும் பெரியம்மா, நானே எடுக்கிறன்” எண்டு எழுதியிருக்கிறாள். எனக்கு விளங்கிச்சுது. சரி பிள்ளை எண்டு பதில் போட்டன். போட்டிட்டும் காலமை எழும்பி வெளிக்கிட்டு வந்திட்டன்.

இந்தா, இனி ரெண்டு வளைவுதான். அதுதான் அந்தக் கட்டிடம், சிவப்பு ஓட்டோடை. இப்ப அங்கை ஒருத்தரும் இருக்கிறேல்லை, சும்மா பூட்டிக் கிடக்கு. இறங்கின உடனை நீங்கள் மேலை ஏரிப் பக்கம் போங்கோ, படத்துக்கு அதுதான் வடிவு. என்னைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. நான் வாங்கிலை இருக்கிறன். அந்தப் பக்கத்தாலை வாற பஸ் பன்னிரண்டு இருபதுக்கு. பிள்ளையள் சிலவேளை கடைசி நேரத்திலை மனம் மாறுங்கள்தானே. அந்தப் பஸ்ஸிலை ஆர் இறங்கினம் எண்டு பாத்திட்டு, பிறகு நான் இறங்குவன்.